படத்தில் அகப்படாத பசி: அறக்கொடை விளம்பரமும் மலையகக் குழந்தைகளும்

கண்டியிலிருந்து வத்தேகம வழியாக வடகிழக்கே செல்லும் பாதை தும்பறை மலைத்தொடரின் அடிவாரத்தை அணுகுமிடத்தில் பன்வில என்னும் சிறுநகரம் அமைந்துள்ளது. அதற்கப்பால் மடுல்கலை, கெலபொக்க, ஹுலுகங்கை எனத் தோட்டங்களும் கண்டியக் கிராமங்களும் மாறிமாறி மலைமேல் ஏறிச் செல்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கோப்பிக்குப் பெயர்பெற்றிருந்த இப்பள்ளத்தாக்குகள், கோப்பியை இலைநோய் அழித்த பின்னர் தேயிலைக்கு மாறின. பயிர் மாறியதேயன்றி லயம் மாறவில்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடி என்று பொதுவாகச் சொல்லப்படும் காம்பிராவும், காலையிற் பிரட்டுக்களமும், தாய் கொழுந்து கொய்யப் போகையில் குழந்தையை விட்டுச்செல்லும் பிள்ளைமடுவமும் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக இம்மக்களின் வாழ்க்கைக்கு எல்லைகளாக இருந்து வந்துள்ளன.

1973ஆம் ஆண்டு செப்டெம்பரில் பிரித்தானியாவின் கிரனாடா தொலைக்காட்சி, 'வேர்ல்ட் இன் அக்ஷன்' என்னும் தன் நிகழ்ச்சித் தொடரில், ஒரு கோப்பைத் தேநீருக்குக் கொடுக்கப்படும் விலை யாது என்று வினவும் தலைப்புடன் ஒரு படத்தை ஒளிபரப்பியது. பிரித்தானியக் கம்பனிகளுக்குரிய இலங்கைத் தோட்டங்களில் வாழ்ந்த மெலிந்த குழந்தைகளை அந்நாட்டு மக்கள் தம் வீட்டுக்கூடங்களில் அமர்ந்து, பெரும்பாலும் கையிலே தேநீர்க் கோப்பையுடன், கண்டனர். தேயிலை விளம்பரங்களில் அவர்கள் அதுவரை கண்டிருந்த மலையகம் வேறு. அன்று கண்ட மலையகம் வேறு. பசித்த குழந்தையின் உருவம் பொதுமக்களின் மனச்சான்றைத் தொடும் கருவியாக எவ்வாறு உருப்பெற்றது, அக்கருவி மலையகக் குழந்தைக்கு எந்த அளவிற் பயன்பட்டது, எங்கே அதன் ஆற்றல் ஓய்ந்தது என்பன ஆராய்தற்குரியன.

இவ்வரலாறு 1973இல் தொடங்கவில்லை. அதற்கு ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன்னர், இம்மக்களின் மூதாதையரே உலகின் முதற் பஞ்சப் புகைப்படங்கள் சிலவற்றிற்குப் பொருளாயிருந்தனர். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாதுவருஷப் பஞ்சத்தின்போது வில்லோபி வொலஸ் ஹூப்பர் என்னும் படை அதிகாரி எலும்பும் தோலுமான மனிதரை வரிசையாக அமரவைத்தும் கிடத்தியும் படமெடுத்தார். அவர்களைப் படமெடுத்தபின் உணவு கொடாது அனுப்பிவிட்டார் என்ற குற்றச்சாட்டு அவர்மீது எழுந்தது. உண்மை எவ்வாறாயினும், அப்படங்களை இன்று காண்போர்க்கு அவற்றின் ஒழுங்கே அச்சத்தை விளைவிக்கின்றது. சாகுந் தறுவாயில் இருந்தவர்கள் வரிசையாக அமைக்கப்பட்டிருக்கின்றனர்.

அதே பஞ்சத்தின்போது இலண்டன் நகரபிதாவின் தலைமையில் 'மான்ஷன் ஹவுஸ்' நிதி திரட்டப்பட்டு இலட்சக்கணக்கான பவுண் சென்னைக்கு அனுப்பப்பட்டது. அந்நிதி முயற்சியிற் சென்னையிலிருந்து முன்னின்றவர் 'மெட்ராஸ் டைம்ஸ்' ஆசிரியராயிருந்த வில்லியம் டிக்பி என்பவர். இவர் அதற்குமுன் கொழும்பில் 'சிலோன் ஒப்சேவர்' பத்திரிகையிற் பணியாற்றி, இலங்கைக் குடியானவரின் நெல்மீது விதிக்கப்பட்ட வரியை எதிர்த்து எழுதியவர் என்பது மனங்கொள்ளத்தக்கது. உணவின்மையை இயற்கையின் சீற்றமாக மட்டுமன்றி, வரியின் விளைவாகவும் ஆட்சியின் விளைவாகவும் நோக்கும் பயிற்சியை அவர் இத்தீவிலேயே பெற்றிருந்தார். பஞ்சம் பற்றி 1878இல் அவர் வெளியிட்ட இரு தொகுதிகளிலும் அந்நோக்கு உண்டு. ஆனால் நகரபிதாவின் நிதிக்குப் பணமனுப்பிய ஆங்கிலேயர்க்கு எட்டியது அந்நோக்கன்று. கீழைத்தேயத்தில் மக்கள் மடிகின்றனர் என்ற செய்தியும் இரக்கமுமே.

பணம் இந்தியா நோக்கி வந்துகொண்டிருக்க, மக்கள் இலங்கை நோக்கி வந்துகொண்டிருந்தனர். 1877இல் மட்டும் ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் தமிழகத்திலிருந்து இத்தீவை வந்தடைந்தனர். மன்னாரிலிருந்து மாத்தளைக்கு வரும் காட்டுப்பாதையில் வாந்திபேதிக்கும் களைப்பிற்கும் பலியானோர் போக எஞ்சியவர் கண்டி, மாத்தளை மாவட்டத் தோட்டங்களிற் பரவினர். அக்காலத்துப் பஞ்சப் படத்திற்கும் பின்னாளைய தேயிலை விளம்பரப் படத்திற்கும் இடையே இருப்பது இப்பாதையே.

பசித்த குழந்தையின் படத்தைத் திட்டமிட்ட பிரசாரக் கருவியாக்கியவர் எக்லன்டைன் ஜெப் என்னும் ஆங்கிலப் பெண்மணி. முதலாம் உலகப்போர் ஓய்ந்த பின்னரும் நேசநாடுகள் ஜேர்மனி, ஆஸ்திரியா ஆகியவற்றின்மீது விதித்திருந்த கடல் முற்றுகையைத் தளர்த்தாதிருந்தமையால் அந்நாடுகளின் குழந்தைகள் உணவின்றி வாடினர். 1919இல் இலண்டன் டிரபால்கர் சதுக்கத்தில் ஜெப் அம்மையார் ஒரு துண்டுப்பிரசுரத்தை வழங்கினார். தலை பெருத்து உடல் சுருங்கிய ஆஸ்திரியக் குழந்தையொன்றின் படம் அதிலிருந்தது. படத்தின்கீழ் இதற்குக் காரணம் நமது முற்றுகையே என்ற கருத்தும் அச்சிடப்பட்டிருந்தது. தணிக்கை அனுமதி பெறாது அச்சிட்டமைக்காக அவர் கைதுசெய்யப்பட்டு ஐந்து பவுண் தண்டம் விதிக்கப்பட்டார். அவருக்கெதிராக வழக்குரைத்த அரச சட்டத்தரணியே அவரது பணிக்கென ஐந்து பவுண் அளித்தார் என்பர். அவ்வாண்டு மே மாதத்தில் அவரும் அவர் சகோதரி டொரதி பக்ஸ்டனும் தொடங்கியதே 'குழந்தைகளைக் காப்போம்' நிதியம்.

இங்கு ஊன்றி நோக்கவேண்டியது ஒன்றுண்டு. முதற்பிரசுரத்திற் படமும் காரணமும் சேர்ந்தே இருந்தன. தண்டனை கிடைத்ததும் அச்சேர்க்கைக்காகவே எனலாம். வெறும் படத்திற்கு எவ்வரசும் அஞ்சுவதில்லை. ஆனால் நிதியம் வளர வளர, பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரங்கள், 1921இன் ரஷ்யப் பஞ்சத்தைக் காட்டிய திரைப்படம் எனப் புதிய உத்திகள் கையாளப்பட்டபோது, கொடையாளரின் மனத்தைப் புண்படுத்தக்கூடிய காரணம் மெல்ல மெல்லப் பின்தள்ளப்பட்டது. குழந்தைக்கு நாடில்லை, பகையில்லை, அரசியலில்லை என்ற கொள்கை உயரிய கொள்கைதான். அதன் நிழலில், குழந்தையின் பசிக்கும் அரசியல் இல்லை என்ற எண்ணம் தானாகவே வளர்ந்தது. பின்வந்த அரை நூற்றாண்டுக்கால அறக்கொடை விளம்பரங்கள் பெரும்பாலும் படத்தை வைத்துக்கொண்டு காரணத்தை விட்டுவிட்டன.

அறக்கொடை நிறுவனங்கள் கருப்புவெள்ளையிற் குழந்தையைக் காட்டிய அதே காலத்தில், தேயிலை வணிகர் வண்ணத்தில் அதன் தாயைக் காட்டிக்கொண்டிருந்தனர். 1890இல் இலங்கைக்கு வந்து தோட்டங்களை வாங்கிய தொமஸ் லிப்டன், தோட்டத்திலிருந்து நேரே தேநீர்க் குடுவைக்கு என்ற கருத்தில் அமைத்த விளம்பரங்களில் தலைமேற் கூடைக்கயிறு தாங்கிய தமிழ்ப் பெண்ணின் உருவம் இடம்பெற்றது. 1932இல் ஏற்றுமதித் தேயிலைமீது விதித்த தீர்வையைக்கொண்டு இலங்கைத் தேயிலைப் பிரசாரச் சபை நிறுவப்பட்டது. இலண்டனில் அதன் பணியைப் பொறுப்பேற்ற ஜேர்வஸ் ஹக்ஸ்லி, பேரரசுச் சந்தைச் சபையில் விளம்பரக் கலையைப் பயின்றவர். அச்சபையின் பணத்தில், ஜோன் கிரியர்சனின் தயாரிப்பிலும் பசில் ரைட்டின் நெறியாள்கையிலும் 1934இல் உருவான 'சோங் ஒப் சிலோன்' என்னும் விவரணப்படம் இன்றும் உலகச் சினிமாவின் சிறந்த ஆக்கங்களுள் ஒன்றாகப் போற்றப்படுகின்றது. கண்டி நாட்டிற் சிறையிருந்த ரொபர்ட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலின் பகுதிகளை லயனல் வென்ட் கம்பீரமாக வாசிக்க, யாத்திரிகரும் நடனக் கலைஞரும் உழவரும் தோன்றுகின்றனர். தேயிலைப் பணத்தில் எடுக்கப்பட்ட இப்படத்தில் தேயிலை பறிப்போர் பெறும் இடம் மிகச் சிறியது. வணிகத்தின் குரல்கள் பற்றிய மூன்றாம் பகுதியிற் கொழுந்தும் கைகளும் வந்துபோகின்றன. அக்கைகளுக்குரியோர் யாவர், எம்மொழி பேசுவோர் என்பன சொல்லப்படுவதில்லை. கலையழகு மிக்க ஒரு விளம்பரம் எதனை மறைக்கவல்லது என்பதற்கு இதனினும் நல்ல சான்று காண்டல் அரிது.

மலையகத்தார் தம்மைப்பற்றித் தாமே விளம்பரஞ் செய்துகொள்ள முயன்றனர் என்பதையும் மறத்தலாகாது. கோ. நடேசய்யரும் அவர் துணைவியார் மீனாட்சியம்மையும் 1930களிலும் 1940களிலும் தொழிலாளர் துயரைக் கூறும் பாடல்களைச் சிறு பிரசுரங்களாக அச்சிட்டுத் தோட்டந் தோட்டமாகக் கொண்டுசென்றனர். மீனாட்சியம்மை அவற்றைக் கூட்டங்களிற் பாடினார். கூலியும் கங்காணியின் கடனும் அவற்றின் பொருள், கேட்போர் தொழிலாளரே. ஆங்கிலத்தில் இப்பணியைத் தொடர்ந்தவர் மடக்கும்புரை தந்த கவிஞரும் தொழிற்சங்கவாதியுமான சி. வி. வேலுப்பிள்ளை. அவரது 'போர்ன் டு லேபர்' 1970இல் நூலாக வெளிவந்தது. மூன்றாண்டு கழித்துப் பிரித்தானியத் தொலைக்காட்சி கண்டுபிடித்ததாகக் கருதப்பட்ட மலையகம் அந்நூலின் பக்கங்களில் ஏற்கெனவே இருந்தது. அதனை வாங்கிப் படிக்கும் நிலையிலிருந்த கொழும்பும் கண்டியும் படித்தனவா என்பது வேறு கேள்வி.

1973-74இன் பசி ஒரு நாளில் வந்ததன்று. உலகச் சந்தையிற் கோதுமை, அரிசி, எண்ணெய் ஆகியவற்றின் விலைகள் திடீரென ஏற, இலங்கை அரசு பங்கீட்டு உணவைக் குறைத்தது. மாவின் விலை உயர்ந்தது. கிராமத்துக் குடியானவனுக்கு ஒரு துண்டு வயலோ, பலாமரமோ, கிழங்குத் தோட்டமோ இருந்தது. தோட்டத் தொழிலாளிக்குப் பங்கீட்டு மாவையன்றி வேறு புகலிடமில்லை. ரொட்டியே அவன் காலையுணவும் மாலையுணவும். தோட்டங்களிலோ, நிலச் சீர்திருத்தம் வருமென்ற எதிர்பார்ப்பில் முதலீடு சுருங்கி, வாரத்தில் வேலை கிடைக்கும் நாட்கள் குறைந்தன. நாட்கூலிக்காரனுக்கு வேலையில்லா நாள் உணவில்லா நாளாகும். 1972இன் சட்டம் தனியார் நிலவுடைமைக்கு 50 ஏக்கர் உச்சவரம்பு விதித்தது. கம்பனித் தோட்டங்கள் 1975 வரை அதற்கு விலக்காயிருந்தன. இவற்றோடு 1948இன் குடியுரிமைச் சட்டம் இம்மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியிருந்தது. வாக்கில்லாத ஒருவனது பசிக்காகப் பாராளுமன்றத்தில் எழுந்து பேசுவதால் எவர்க்கும் பயனில்லை. தோட்டக் குடும்பங்கள் மலையக நகரங்களுக்கு இறங்கிவந்து கையேந்தி நின்றன. நாட்டின் சிசு மரணவீதம் 1973இல் ஆயிரத்துக்கு 46 ஆக இருந்து 1974இல் 51 ஆக உயர்ந்தது. தோட்டங்களில் அது நூறைத் தாண்டியது. இறப்பு வீதத்தைக் குறைத்தமைக்காக உலகமே புகழ்ந்த ஒரு நாட்டுக்குள்ளே அப்புகழ் எட்டாத இன்னொரு நாடு இருந்தது.

கிரனாடாவின் படத்தைத் தொடர்ந்து, இல்லாமைக்கு எதிரான போர் எனப் பொருள்படும் 'வோர் ஒன் வொண்ட்' என்ற பிரித்தானிய அறக்கொடை நிறுவனம் எடித் பொண்ட் என்பவர் எழுதிய ஆய்வறிக்கையை 1974இல் வெளியிட்டது. 'தேயிலையின் நிலை' என்பது அதன் தலைப்பின் பொருள். இவ்விரண்டும் பிரித்தானியாவிற் பெருஞ் சலசலப்பை உண்டாக்கின. தம் தோட்டங்களிற் கூலியும் குடியிருப்பும் எவ்வாறுள்ளன என்று கம்பனிகள் பகிரங்கமாக விடையளிக்க வேண்டியவையாயின. கூட்டுறவு இயக்கமும் இவ்விவாதத்துக்குட் பட்டது. 1844இல் ரொச்டேலில் நெசவாளர் தொடங்கிய சிறு கடையிலிருந்து வளர்ந்தது பிரித்தானியக் கூட்டுறவு இயக்கம். அதன் மொத்த வியாபாரச் சங்கங்கள் 1902 முதலே இலங்கையில் தேயிலைத் தோட்டங்களை வாங்கியிருந்தன. தொழிலாளர் தம் நலனுக்காகக் கட்டியெழுப்பிய நிறுவனம், மற்றொரு தொழிலாளர் கூட்டத்துக்கு முதலாளியாக விளங்கியது. லங்காஷயர்த் தொழிலாளி தன் கூட்டுறவுக் கடையில் வாங்கிய மலிவான தேயிலைக்கும் மலைநாட்டு லயத்துக் குழந்தையின் மெலிவுக்கும் இடையிலுள்ள கணக்கு அன்றுதான் பொதுமன்றத்துக்கு வந்தது.

இப்பிரசாரத்தின் புதுமை அதன் வினாவிலேயே உள்ளது. வழமையான அறக்கொடை விளம்பரம், இக்குழந்தைக்கு நீர் யாது தருவீர் என்று கேட்கும். இதுவோ, இக்குழந்தையிடமிருந்து நீர் யாது பெற்றுக்கொண்டிருக்கிறீர் என்று கேட்டது. முன்னையதில் பார்ப்பவர் கொடையாளர். பின்னையதில் அவர் கடனாளி. ஜெப் அம்மையாரின் முதற்பிரசுரத்தில் முற்றுகை என்ற சொல் செய்த வேலையை இங்கு விலை என்ற சொல் செய்தது. ஐம்பத்துநான்கு ஆண்டுகளின் பின் படமும் காரணமும் மீண்டும் ஒன்றுசேர்ந்தன.

அதே நிறுவனம் அதே 1974இல் வெளியிட்ட இன்னொரு பிரசுரமும் இவ்விடத்து நினைவுக்கு வரும். மைக் முல்லர் எழுதிய அச்சிறுநூல், ஏழை நாடுகளில் குழந்தைப் பால்மா விற்கப்பட்ட முறையையும் தாய்ப்பால் கைவிடப்படுவதையும் இணைத்துக் காட்டியது. அதனைச் சுவிற்சர்லாந்து நாட்டுக் குழுவொன்று நெஸ்லே நிறுவனத்தின் பெயரையே தலைப்பில் வைத்து ஜேர்மன் மொழியில் வெளியிட, அந்நிறுவனம் மானநட்ட வழக்குத் தொடுத்தது. 1976இல் பேர்ண் நீதிமன்றம் அத்தலைப்பு அவதூறானதெனத் தீர்த்து, குழுவினர் பதின்மூவருக்கும் தலைக்கு 300 பிராங்கு தண்டம் விதித்ததோடு, நிறுவனமும் தன் விளம்பர முறைகளை மீளாய்வு செய்யவேண்டுமென்றது. 1981இல் உலக சுகாதாரப் பேரவை தாய்ப்பாற் பதிலீடுகளின் விற்பனை பற்றிய சர்வதேசக் கோவையை ஏற்றுக்கொண்டமைக்கு இப்போராட்டம் முக்கிய காரணமாகும். இதே எச்சரிக்கையைச் சிசிலி வில்லியம்ஸ் என்னும் மருத்துவர் 1939இலேயே சிங்கப்பூரில் விடுத்திருந்தார். அன்று கேட்டவர் மிகச் சிலர். விளம்பரத்தை எதிர்விளம்பரத்தால் எதிர்கொள்ளலாம் என்பதை 1970கள் காட்டின.

எனினும் தேயிலைப் பிரசாரத்துக்கு ஓர் உள்ளார்ந்த வலுக்குறைவு இருந்தது. அது பேசியது பிரித்தானியத் தேநீர்க் குடியரோடு; பேசியது பிரித்தானியக் கம்பனி பற்றி. 1975 ஒக்டோபரில் கம்பனித் தோட்டங்கள் யாவும் அரசுடைமையாயின. சுரண்டலின் முகவரி ஒரே நாளில் இலண்டனிலிருந்து கொழும்புக்கு மாறியது. பிரித்தானிய நுகர்வோனின் குற்றவுணர்ச்சிக்கு இனி வேலையில்லை. கமராக்கள் வேறு நாடுகளுக்குச் சென்றன. லயமோ இருந்த இடத்திலேயே இருந்தது. தேசியமயத்தை ஒட்டிக் கண்டி மாவட்டத்தின் சில தோட்டங்களிலிருந்து தொழிலாளர் விரட்டப்பட்ட துயரமும் நிகழ்ந்தது. இவ்வேளையிற் கண்டியிலேயே தங்கி இப்பணியைத் தொடர்ந்தவர்களைக் குறிப்பிடாதிருத்தல் நன்றன்று. அருட்டந்தை போல் கஸ்பர்ஸ் 1972இல் தொடங்கிய சத்தியோதயம் நிலையமும், 1974இல் உருவான பெருந்தோட்டப் பிரதேசங்களுக்கான இணைப்புச் செயலகமும் தோட்ட மக்களின் நிலைபற்றித் தொடர்ந்து எழுதிவந்தன. இணைப்புச் செயலகத்தின் வெளியீட்டுக்குக் குரலற்றோரின் குரல் என்ற பொருளில் ஆங்கிலப் பெயர் சூட்டப்பட்டிருந்தது. மீனாட்சியம்மையின் மேடைப்பாடல்களை அறிந்தோர்க்கு அப்பெயர் சற்று உறுத்தவே செய்யும். குரல் இருந்தது, செவி இல்லை.

தேசியமயம் மட்டுமே கமராவை விலக்கியதன்று. அதனினும் ஆழமான காரணம் பசியின் இயல்பிலேயே உண்டு. 1975 செப்டெம்பர் முதல் 1976 மார்ச் வரை நாடளாவிய போசாக்கு ஆய்வொன்று நடத்தப்பட்டது. குழந்தைகளின் உயரமும் நிறையும் அளக்கப்பட்டபோது, தோட்டக் குழந்தைகளிடம் நாட்பட்ட மந்தபோசணை நாட்டின் ஏனைய எப்பகுதியினும் மிகுந்திருந்தமை வெளிப்பட்டது. மருத்துவர் இருவகை மந்தபோசணையைப் பிரித்துரைப்பர். உயரத்துக்கேற்ற நிறையில்லாமை ஒன்று. அண்மைக்கால உணவின்மையாலோ நோயாலோ வருவது. விலா எலும்பு தெரியும், கண் குழிவிழும். வயதுக்கேற்ற உயரமில்லாமை மற்றது. கருவிலிருந்தே தொடங்கி ஆண்டுக்கணக்காகப் போதாத உணவாலும் அடிக்கடி வரும் நோயாலும் உருவாவது. பின்னைய வகைக் குழந்தை பார்வைக்கு நோயாளியாகத் தோன்றாது. ஐந்து வயதுப் பிள்ளை மூன்றரை வயதுப் பிள்ளைபோல் இருக்கும். சிரிக்கும், ஓடும், விளையாடும். தாயும் குட்டையானவள், தந்தையும் குட்டையானவன், லயத்திலுள்ள ஏனைய பிள்ளைகளும் அவ்வாறே என்பதால், குறை என்ற எண்ணமே எழாது. பரம்பரை என்று சொல்லிவிடுவதும் எளிது.

இத்தகைய குழந்தையைப் படமெடுத்தால் அதிற் பசி தெரியாது. அருகில் அளவுகோல் ஒன்றை நிறுத்தி, வயதையும் எழுதிவைத்தாலன்றிப் பார்ப்பவர்க்கு அது மலைநாட்டின் துறுதுறுப்பான சிறுபிள்ளை; தேயிலைப் பெட்டியின்மேல் அச்சிடவும் ஏற்றது. ஹூப்பர் முதல் கிரனாடா வரை கமரா தேடியது முதல்வகைப் பசியை. 1974இல் அது மலையகத்திலும் கிடைத்தது. உணவு சற்றே சீரானதும் மறைந்தது. இரண்டாம்வகைப் பசி அதற்கு முன்னும் இருந்தது, பின்னும் இருந்தது. விலா எலும்புகளையே பசியின் அடையாளமாகப் பொதுமக்களுக்குப் பழக்கிய அறக்கொடை விளம்பரம், விலா எலும்பு தெரியாத பசியைப் பசியல்லவென்று கருதவும் அவர்களைப் பழக்கிவிட்டது. இது அவ்விளம்பரத்தின் குற்றமென்று சொல்வதினும் அதன் வெற்றியின் விலையென்று சொல்வது பொருந்தும். படம் இன்றிச் சொல்லவேண்டிய பசிக்குக் காரணம் ஒன்றே மொழி. அதனைத்தான் விளம்பரங்கள் முன்னரே கைவிட்டிருந்தன.

1984இல் எத்தியோப்பியப் பஞ்சம் பற்றிய தொலைக்காட்சிச் செய்திகளும் அவற்றையொட்டி எழுந்த இசைக்கலைஞரின் நிதிதிரட்டலும் முதல்வகைப் படத்தின் ஆற்றலை உச்சத்துக்குக் கொண்டுசென்றன. அதன் பின்னரே அறக்கொடை உலகம் தன்னைத் தானே விசாரிக்கத் தொடங்கியது. பெயரும் பெற்றோரும் ஊரும் இன்றி, கையேந்தும் உருவமாக மட்டும் குழந்தையைக் காட்டுவது அதன் மானத்தைக் குலைப்பதாகும் என்ற வாதம் வலுப்பெற்றது. 1989இல் ஐரோப்பிய அரசு சாரா நிறுவனங்கள் மூன்றாம் உலகம் பற்றிய படங்களுக்கும் செய்திகளுக்கும் ஓர் ஒழுக்கக் கோவையை வகுத்தன. விளைவாக அழும் குழந்தை போய்ச் சிரிக்கும் குழந்தை வந்தது. பெயருந் தரப்பட்டது. மானம் ஓரளவு மீண்டது. காரணமோ இப்போதும் வரவில்லை. சிரிக்கும் குழந்தையும் அழும் குழந்தையும் கூலியைப்பற்றிப் பேசுவதில்லை.

இலங்கைக்குள்ளே போசாக்குப் பிரசாரம் வேறு வழியிற் சென்றது. 1973இல் கெயார் நிறுவனத்தின் உதவியுடன் தொடங்கப்பட்ட திரிபோஷா, சோளமும் சோயாவும் கலந்த மாவாகக் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் நிறைகுறைந்த குழந்தைகளுக்கும் கிளினிக்குகளில் இலவசமாக வழங்கப்பட்டு வந்துள்ளது. 750 கிராம் பொதி, நாடு முழுவதும் அறியப்பட்ட ஓர் அடையாளமாயிற்று. இங்கு பேசப்படுபவர் தொலைதூரக் கொடையாளர் அல்லர், தாயே. ஆயின் அப்பொதி ஒரு குழந்தைக்கென்று எண்ணிக் கொடுக்கப்பட, ஒரு காம்பிராவிலுள்ள எல்லோரும் அதனைப் பகிர்ந்துண்டனர். இதனைத் தாயின் அறியாமை என்று எழுதிய அறிக்கைகள் உண்டு. நான்கு பிள்ளைகளின் முன்னே ஒரு பிள்ளைக்கு மட்டும் உணவூட்டுமாறு ஒரு தாயிடம் எந்த விளம்பரத்தால் கூறவியலும்? தோட்டப் பகுதிகளில் தமிழறிந்த மருத்துவமாதுகள் போதாமை நெடுங்காலக் குறையாக நீடித்தமையால், கூறவந்த செய்தியே பலவிடங்களிற் பாதிதான் சென்றடைந்தது.

அரசுடைமைக் காலத்திலும் அதன் பின்னரும் மாற்றங்கள் நிகழவில்லை என்பதற்கில்லை. பிள்ளைமடுவங்கள் பல, பயிற்சிபெற்ற பொறுப்பாளரைக் கொண்ட சிறுவர் நிலையங்களாயின. தோட்டச் சிசு மரணவீதம் பெரிதும் வீழ்ந்தது. 1984இன் வேலைநிறுத்தத்தையடுத்துப் பெண் தொழிலாளர்க்கு ஆண்களுக்குச் சமமான நாட்கூலி கிடைத்தது. பிள்ளையின் உணவைத் தீர்மானிப்பவள் தாயாதலின், அவ்வாண்டுக் கூலியுயர்வைப் போசாக்கு நடவடிக்கையாகவும் கொள்ளலாம். அதற்கென எவரும் சுவரொட்டி ஒட்டவில்லை. 1992இல் தோட்ட நிருவாகம் தனியார் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டபோது கண்டி, மாத்தளைப் பகுதிகளின் தோட்டங்கள் பல அரச நிறுவனங்களிடமே தங்கின. 2016இன் குடிசன, சுகாதார ஆய்வின்படி ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாடளாவ நூற்றுக்கு 17, தோட்டத்துறையில் 32. ஏறத்தாழ மூன்றிலொரு குழந்தை. 2022இன் பொருளாதார நெருக்கடியின்போது யுனிசெப் இலங்கைக் குழந்தைகளுக்காக உலகிடம் உதவி கோரியது. மூலப்பொருளின்றித் திரிபோஷா உற்பத்தியும் தடைப்பட்டது. ஐம்பது ஆண்டுகளின் பின் இலங்கைக் குழந்தையின் பசி மீண்டும் செய்தியாயிற்று.

நாட்பட்ட பசியைக் காட்டவல்ல படம் ஒன்றே ஒன்று உண்டு. நைஜீரியக் கிராமமொன்றில் பணியாற்றிய டேவிட் மோர்லி என்னும் மருத்துவர் 1950களிலும் 1960களிலும் உருவாக்கிய வளர்ச்சி அட்டையே அது. கடதாசி அட்டையில் மேல்நோக்கி வளைந்துசெல்லும் கோடுகள். மாதந்தோறும் குழந்தையின் நிறைக்கு ஒரு புள்ளி. புள்ளிகள் கோட்டோடு ஏறினால் நலம். தட்டையாகக் கிடந்தால் குழந்தை சிரித்துக்கொண்டிருந்தாலும் நலமன்று. அட்டை எந்நாட்டுக் கொடையாளரின் கண்ணுக்கும் எழுதப்பட்டதன்று. அது தாயின் கையிலேயே இருக்கும்; அவள் குழந்தையோடு நேற்றைய புள்ளியையும் இன்றைய புள்ளியையும் ஒப்பிட்டுப் பேசும்.

இலங்கையிலும் அத்தகைய அட்டை ஒவ்வொரு குழந்தைக்கும் வழங்கப்படுகின்றது. பன்வில மலைத் தோட்டமொன்றில் நிறை நிறுக்கும் நாளன்று, தராசிலிருந்து பிள்ளையை இறக்கியபின் மருத்துவமாது இடும் புள்ளி சென்றமாதப் புள்ளிக்கு நேரே பக்கத்தில் விழக்கூடும். அட்டையை வாங்கிப் பார்க்கும் தாய்க்கு அம்மாதத்தில் எத்தனை நாள் வேலை கிடைத்தது, எத்தனை பேர் போட்டார்கள் என்பது நினைவிலிருக்கும். அவ்விரு கணக்குகளையும் ஒரே தாளில் எழுதுவதற்கு அட்டையில் இடம் விடப்படவில்லை.